மவுஸ் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்

கேள்வி: நான் ஓர் அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விடுப்பு விண்ணப்பம், சம்பளச் சீட்டு, சுற்றறிக்கை எல்லாமே இனி மின்னஞ்சலில்தான் என்று மேலிடம் முடிவு செய்துவிட்டது. ஸ்டோர், பராமரிப்பு, பாதுகாப்புப் பிரிவுகளில் இருக்கும் எட்டுப் பேருக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் என்னைவிட மூத்தவர்கள். இரண்டு வகுப்பு எடுத்தேன். ஸ்லைடு போட்டு, சிபியு, மானிட்டர், ஹார்டு டிஸ்க், எம்எஸ் ஆபீஸ் என்று வரிசையாகத்தான் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள், நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் இன்பாக்ஸைத் திறக்கச் சொன்னால் ஒருவருக்கும் வரவில்லை. ஸ்டோரில் இருக்கும் அண்ணன், ‘எனக்கு இதெல்லாம் ஏறாதும்மா, என் லீவை நீயே போட்டுடு’ என்று எழுந்துபோய்விட்டார். எனக்குப் பொறுமை இருக்கிறது, வழிதான் தெரியவில்லை. எங்கே தொடங்குவது, எவ்வளவு சொல்லித்தருவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்டோர் அண்ணனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தச் சாமான் எந்த ரேக்கில், எத்தனை மிச்சம் என்று கேட்டவுடன் சொல்கிற வேலையில் இருப்பவர் அவர். அப்படிப்பட்டவருக்குப் புது விஷயம் ஏறாது என்பதை நான் நம்ப மாட்டேன். அவருக்கு வந்தது கூச்சம். வருஷக்கணக்காகத் தன் வேலையில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவரை, கூட வேலை பார்ப்பவர்கள் முன்னால் ஒன்றுமே தெரியாதவராக உட்கார வைத்திருக்கிறோம். அதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்ளும்: எதையாவது தப்பாக அமுக்கி மெஷின் கெட்டுப்போனால்? நாம் தட்டியது பாதியில் மேனேஜருக்குப் போய்விட்டால்? அலுவலகத்தில் பெரியவர்களுக்குச் சொல்லித்தரும்போது இந்த இரண்டு பயத்தையும் இறக்கி வைக்காமல் வேறு எதைச் சொன்னாலும் நிற்காது.

உங்கள் பாடத்திட்டத்தில் சிபியுவையும் ஹார்டு டிஸ்க்கையும் எடுத்துவிடுங்கள். விடுப்பு எழுத அவை தேவையில்லை. உங்கள் எட்டுப் பேருக்கும் இப்போது வேண்டியது மூன்றே வேலை: வந்த மெயிலைத் திறந்து படிப்பது, விடுப்பு கேட்டு எழுதுவது, சம்பளச் சீட்டை இறக்கிப் பார்ப்பது. இவற்றுக்கு எது வேண்டுமோ அதுதான் பாடம். வேர்டு, எக்செல் எல்லாம் அவர்களாகக் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இது என் சொந்த யோசனை மட்டுமில்லை. 1980-களில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜான் கேரல் என்பவரும் அவருடைய குழுவினரும், அலுவலகத்தில் முதல்முறையாக வேர்டு பிராசசர், அதாவது கடிதம், அறிக்கை தட்டும் மென்பொருள், பழகுகிறவர்களைப் பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். தடிமனான கையேட்டை முதலிலிருந்து வரிசையாக யாரும் படிக்கவில்லை. பக்கங்களைத் தாண்டிக்கொண்டு நேரே வேலையில் இறங்கினார்கள், எங்கேயோ தவறினார்கள், அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொண்டார்கள். இதைப் பார்த்த பிறகு கேரல் கையேட்டையே சுருக்கினார். முதல் பக்கத்திலேயே உண்மையான ஒரு வேலை, தவறினால் எப்படித் திரும்புவது என்ற விளக்கம், மற்றதெல்லாம் வெட்டு. புதியவர்கள் தெரியாமல் நுழைந்து சிக்கிக்கொள்ளும் மெனுக்களைச் செயல்படாதபடி அடைத்துவைத்து, பழகுவதற்கென்றே அந்த மென்பொருளின் ஒரு வடிவத்தையும் அந்தக் குழு தயாரித்தது. அதில் பழகியவர்கள் முழு வடிவத்தில் பழகியவர்களைவிடச் சீக்கிரம் வேலையை முடித்தார்கள். கம்ப்யூட்டர்கள் எவ்வளவோ மாறிவிட்டன. முதல் நாள் அதன் முன்னால் உட்காருகிற மனிதர் மாறவில்லை.

நீங்களும் அந்தமாதிரி அடைப்பு போடலாம். வகுப்புக்கு முன்னால் டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஐகான்களையெல்லாம் ஒரு ஃபோல்டரில் தள்ளிவிட்டு, பிரவுசர் ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். பிரவுசரைத் திறந்ததும் அலுவலக மெயில் பக்கமே வரும்படி செய்துவையுங்கள். மூலையில் எட்டிப்பார்க்கும் நோட்டிஃபிகேஷன்களை அணைத்துவிடுங்கள். செட்டிங்ஸில் மவுஸ் அம்பைப் பெரிதாக்குங்கள், டபுள் கிளிக் வேகத்தைக் குறையுங்கள், எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். கொஞ்ச நேர வேலைதான். ஆனால் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதுவே பாதிச் சுமையைக் குறைக்கும்.

முதல் வகுப்பில் தவறு செய்யச் சொல்லிக்கொடுங்கள். நிஜமாகவே சொல்கிறேன். நோட்பேடைத் திறந்து, வாய்க்கு வந்ததைத் தட்டச் சொல்லுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லுங்கள். பிறகு கன்ட்ரோலோடு இசட்டை அமுக்கச் சொல்லுங்கள். போனது திரும்பி வரும்போது அந்த முகங்களைப் பாருங்கள். அடுத்து, திறந்திருக்கும் ஜன்னலை மினிமைஸ் செய்து கீழேயிருந்து மீண்டும் எடுப்பது. பலர் இங்கேதான் தடுமாறுவார்கள். ஜன்னல் கண்ணை விட்டு மறைந்தால் வேலையே போய்விட்டது என்று நினைத்து, முதலிலிருந்து தொடங்குவார்கள்; ஒரே பக்கம் ஐந்தாறு முறை திறந்து கிடக்கும். அதன் பிறகு, தெரியாமல் மூடிய டேபைக் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அமுக்கித் திரும்பக் கொண்டுவருவது. கடைசியில் ஒரு மெயிலை அழிக்கச் சொல்லி, டிராஷ் ஃபோல்டரிலிருந்து மீட்கச் சொல்லுங்கள். ஜிமெயிலில் அழித்த மெயில் 30 நாள் அங்கேயே இருக்கும். நீங்கள் வேறு மெயில் வைத்திருந்தால் அதில் எத்தனை நாள் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்பில் இவ்வளவு நடந்தால் போதும். ‘கெட்டுப்போகாது, திரும்ப எடுத்துக்கலாம்’ என்பது விரலுக்கே தெரிந்த பிறகு அவர்கள் தாமாகவே அங்கங்கே அமுக்கிப் பார்க்க ஆரம்பிப்பார்கள். கற்றல் அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பது. அவர்கள் கையிலிருக்கும் மவுஸை நீங்கள் வாங்காதீர்கள். என்ன அவசரமானாலும் வாங்காதீர்கள். அவர் தேடிக்கொண்டிருப்பார், பட்டன் உங்கள் கண்முன்னால் இருக்கும், கை தானாக நீளும். ‘இங்க பாருங்கண்ணா’ என்று நீங்கள் இரண்டு கிளிக்கில் முடித்துவிடுவீர்கள். அவர் பார்த்தது உங்கள் வேகத்தை மட்டும்தான். மறுநாள் அவர் விரலுக்கு ஒன்றும் நினைவிருக்காது. கையைக் கட்டிக்கொண்டு நின்று வாயால் மட்டும் வழி சொல்லுங்கள். அதிலும் ‘அதைக் கிளிக் பண்ணுங்க, அப்புறம் அதை’ என்று சொன்னால் எதை என்று அவருக்குத் தெரியாது. ‘மேலே, இடது பக்கம், பென்சில் படம் போட்டது’ என்று சொல்லுங்கள்.

இது கேட்பதற்குச் சுலபம், செய்வது கஷ்டம். 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு பரிசோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டியது 120 பாட்டு, கண்டுபிடித்தது 3. தட்டுகிறவர் மனசுக்குள் பாட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்குக் கேட்பதோ வெறும் டொக் டொக். ‘லாகின் பண்ணி இன்பாக்ஸ்ல இருக்கிற பிடிஎஃப்பை டவுன்லோடு பண்ணிடுங்க’ என்று நீங்கள் சொல்லும்போது உங்களுக்குள்ளே ஒரு முழுப் படம் ஓடுகிறது. அவர்களுக்கு அந்தப் படம் இன்னும் கிடையாது.

அந்தப் படத்தை எவ்வளவு சிறியதாக நறுக்க வேண்டும் என்பதற்கு மவுஸையே எடுத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் ஒருவர் மவுஸை நகர்த்திக்கொண்டே போனார். மேசை விளிம்பு வந்துவிட்டது, திரையில் அம்பு பாதி தூரத்தில் நின்றது. ‘இதுக்கு மேல போகாதுங்க’ என்றார். மவுஸைத் தூக்கி நடுவில் வைத்து மறுபடி நகர்த்தலாம் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. போனில் விரலைத்தான் வைத்திருக்கிறார், தூக்கி வைக்கிற பொருளை இல்லை. டபுள் கிளிக்கும் அப்படித்தான். இரண்டு அமுக்குக்கு நடுவே கை லேசாக நகர்ந்துவிடும். ஐகான் இழுபட்டு வேறு இடத்துக்குப் போகும், அல்லது பெயர் மாற்றும் கட்டம் திறந்துகொள்ளும். அதில் ரொம்பத் தடுமாறுகிறவர்களிடம் டபுள் கிளிக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒருமுறை கிளிக், பிறகு என்டர். அதே வேலை நடக்கும்.

மவுஸ் பழக விளையாட்டு வைத்தாலும் தப்பில்லை. 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-உடன் சாலிட்டேர் சீட்டாட்டமும் வந்தது. அதில் சீட்டுகளை இழுத்து இழுத்து வைத்தே எத்தனையோ அலுவலகங்களில் மவுஸ் பழகினார்கள். மேலதிகாரி எட்டிப்பார்த்தால் என்ன நினைப்பார் என்று கவலைப்படாதீர்கள். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மெயிலுக்கு வருவோம். எல்லோரும் ‘கம்போஸ்’ பட்டனில் தொடங்குவார்கள். நீங்கள் ‘ரிப்ளை’யில் தொடங்குங்கள். புது மெயில் எழுத முகவரி தட்ட வேண்டும். அதில் அட் குறிக்கு ஷிஃப்டை அமுக்கிப் பிடிக்க வேண்டும், நடுவில் இடைவெளி வரக்கூடாது, புள்ளி விடுபடக்கூடாது. ஒரு எழுத்து மாறினால் மெயில் போகாது, அல்லது யாருக்கோ போகும். பதில் எழுதுவதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. முகவரி தானாகவே இருக்கும். அதனால் முதல்நாள் நீங்களே ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டு ஒரு மெயில் அனுப்புங்கள். பதில் சொல்லத் தோன்றுகிற கேள்வியாக அது இருக்கட்டும். ஸ்டோர் அண்ணனுக்கு அனுப்புவதாக இருந்தால், ‘பிரிண்டர் பேப்பர் இன்னும் எத்தனை கட்டு இருக்குண்ணா?’ என்று கேளுங்கள். அவருக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வி. ஒரு எண்ணைத் தட்டி அனுப்பினால் போதும், முதல் மெயில் முடிந்தது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் இதைச் செய்யச் சொல்லாதீர்கள். ஸ்டோரிலேயே அவர் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்து செய்யுங்கள்.

வாட்ஸ்அப் பழக்கம் கைகொடுக்கும், கொஞ்சம் இடைஞ்சலும் செய்யும். தட்டுவது, போட்டோ அனுப்புவது எல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அட்டாச்மென்ட் பேப்பர் கிளிப் படத்தைக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ‘வணக்கம் சார்’ ஒரு மெயில், ‘நாளைக்கு லீவு’ இன்னொரு மெயில் என்று பிரித்துப் பிரித்து அனுப்புவார்கள், சப்ஜெக்டைக் காலியாக விடுவார்கள். மெயிலைப் பெறுகிறவர் திறக்கும் முன்பே பார்ப்பது சப்ஜெக்டைத்தான் என்பதை உங்கள் இன்பாக்ஸையே திறந்து காட்டுங்கள். சப்ஜெக்ட் இல்லாத மெயிலும் ‘12-ஆம் தேதி விடுப்பு – பராமரிப்புப் பிரிவு’ என்ற மெயிலும் மேலும் கீழுமாக இருந்தால் எதை முதலில் திறப்பீர்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். விடுப்பு மெயிலில் என்று முதல் என்று வரை, என்ன காரணம், அந்த நாளில் வேலையை யார் பார்ப்பார் என்ற மூன்றும் இருந்தால் போதும். அழகான நடையெல்லாம் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெற முடியுமா என்று கட்டாயம் கேட்பார்கள். ஜிமெயிலில் ‘அன்டூ சென்ட்’ இருக்கிறது. மாற்றாமல் விட்டால் 5 விநாடிதான். செட்டிங்ஸில் 30 விநாடி வரை வைக்கலாம். எல்லோருடைய கணக்கிலும் 30-ஆக மாற்றச் சொல்லுங்கள். ‘ரிப்ளை ஆல்’ பட்டனைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் போதும்: அமுக்கினால் அந்த மெயில் வந்த எல்லோருக்கும் பதில் போகும். சிசி, பிசிசி இப்போதைக்கு வேண்டாம்.

சம்பளச் சீட்டில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. டவுன்லோடு என்று அமுக்குவார்கள், ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும், மறுபடி அமுக்குவார்கள், அப்புறமும் அமுக்குவார்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே சீட்டு (1), (2), (3) என்று குவிந்து கிடக்கும். கோப்பு எங்கே போனது என்பது புதியவர்களுக்கு மிகப்பெரிய புதிர். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னொரு பாதியில் மெயிலை வைத்து டவுன்லோடு செய்யச் சொல்லுங்கள். கோப்பு வந்து விழுவதை அவர்களே கண்ணால் பார்க்கட்டும். பொதுக் கம்ப்யூட்டராக இருந்தால், பார்த்து முடித்ததும் அந்தச் சீட்டை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு, லாகவுட் செய்யும்வரை வேலை முடியவில்லை. ஜன்னலை மூடுவது லாகவுட் ஆகாது. அடுத்து உட்காருகிறவர் இவருடைய சம்பளத்தைப் பார்க்கலாம் என்று சொன்னால் யாரும் மறக்க மாட்டார்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். எட்டுப் பேர் பாஸ்வேர்டையும் உங்கள் டைரியில் எழுதி வைத்துக்கொள்வது உதவியாகத் தோன்றும், செய்யாதீர்கள். ‘என் லீவை நீயே போட்டுடு’ என்பதற்கும் இதே பதில்தான். அவர் கணக்கிலிருந்து நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மெயிலும் அவர் எழுதியதாகத்தான் பதிவாகும். நாளைக்கு ஒரு தேதி தப்பாகிப் பிரச்சினை வந்தால் மாட்டுவது அவர். அவருக்கு நினைவில் நிற்கிற, தொடர்பில்லாத மூன்று நான்கு வார்த்தைகளைச் சேர்த்து நீளமான பாஸ்வேர்டாக அவரே வைக்கட்டும். தட்டும்போது புள்ளி புள்ளியாகத்தான் தெரியும் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எழுத்து விழவில்லை என்று திரும்பத் திரும்பத் தட்டுவார்கள். கண் படத்தை அமுக்கிச் சரிபார்க்கவும் கேப்ஸ் லாக் விளக்கைப் பார்க்கவும் காட்டிக்கொடுங்கள்.

ஏமாற்று மெயில்களைப் பற்றிப் பயமுறுத்திப் பேசினால், நல்ல மெயிலையும் திறக்கத் தயங்குவார்கள். அதனால் அவர்கள் இன்பாக்ஸில் கொஞ்சம் புழங்கிய பிறகு இதைச் சொல்லுங்கள். ‘இன்றைக்குள் செய்யாவிட்டால் உங்கள் கணக்கு முடங்கும்’ என்று அவசரப்படுத்துகிற மெயில், லிங்க்கை அமுக்கி பாஸ்வேர்டு போடச் சொல்கிற மெயில், ஓடிபி கேட்கிற மெயில் எதுவானாலும் கையை எடுத்துவிட்டு உங்களைக் கூப்பிட வேண்டும். மேனேஜர் பெயரில் வந்திருக்கிறதே என்பார்கள். பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் முழு முகவரியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு உதாரணத்தைத் திறந்து காட்டுங்கள். முகவரி சரியாக இருந்தாலும் பாஸ்வேர்டும் ஓடிபியும் யாருக்கும் அனுப்பக்கூடாது. தெரியாமல் யாராவது அமுக்கிவிட்டால் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்தமுறை மறைப்பார். உடனே தெரிந்தால் பாஸ்வேர்டை மாற்றிச் சமாளிக்கக்கூடியது, மறைத்தால் அலுவலகத்துக்கே ஆபத்தாகிவிடும்.

வகுப்பை எட்டுப் பேருக்கும் சேர்த்து எடுக்காமல் நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர்: ஒருவர் கையில் மவுஸ், இன்னொருவர் கையில் நோட்டு. பாதியில் மாறிக்கொள்ளட்டும். அரை மணி, முக்கால் மணிக்கு மேல் போகவேண்டாம், வாரத்தில் பல நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகுப்பும் நேற்றுச் செய்ததை நோட்டைப் பார்க்காமல் செய்து பார்ப்பதில் தொடங்கட்டும். தடுமாறினால் பரவாயில்லை, மறந்ததை இழுத்துப் பிடித்து நினைவுக்குக் கொண்டுவருகிறபோதுதான் அது பதிகிறது. அச்சடித்த கையேடு கொடுக்காதீர்கள். அவர்கள் கையெழுத்தில், அவர்கள் பேசுகிற வார்த்தையில், பட்டனின் படத்தை வரைந்து எழுதிக்கொள்ளட்டும். ‘சிவப்புப் பெருக்கல் குறி – மூட’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அதைத் திருத்த வேண்டியதில்லை.

அப்புறம், ‘இது ரொம்ப ஈஸி’ என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால் ஈஸியான ஒன்றும் எனக்கு வரவில்லையே என்றுதான் எதிரில் இருப்பவர் மனசில் போய் விழும். ‘முதலில் எல்லோருக்கும் குழப்பும், இரண்டு மூன்று தடவை செய்தால் கை பழகிடும்’ என்று சொல்லுங்கள். அதுதான் உண்மையும்கூட.

எவ்வளவு சொல்லித்தருவது என்று கேட்டிருந்தீர்கள். ஒருவர் நீங்கள் பக்கத்தில் இல்லாத நாளில், தானாக லாகின் செய்து, விடுப்பு மெயில் அனுப்பி, சென்ட் ஃபோல்டரில் அது போயிருக்கிறதா என்று பார்த்து, லாகவுட் செய்துவிட்டால் அவருக்கு உங்கள் பாடம் முடிந்தது. எட்டுப் பேரும் ஒரே நாளில் அங்கே வந்து சேர மாட்டார்கள். முதலில் வருகிறவரை அடுத்தவருக்குச் சொல்லித்தர விடுங்கள். அவர்களுக்குள் பேசிக்கொள்வது நாம் சொல்வதைவிட நன்றாகப் புரியும். ஆனால் அவரிடமும் மவுஸ் விதியைச் சொல்லி அனுப்புங்கள்.

இனி மேலிடத்திடம் நீங்கள் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட தேதியிலிருந்து காகித விண்ணப்பம் கிடையாது என்று திடீரென்று நிறுத்தினால், விடுப்புக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பதற்றத்தில் எல்லோரும் உங்களிடம்தான் ஓடிவருவார்கள், நீங்களும் வேறு வழியில்லாமல் மவுஸைக் கையில் எடுப்பீர்கள். முதல் இரண்டு மாதமாவது இரண்டு வழியும் திறந்திருக்கட்டும் என்று கேளுங்கள். கூடவே, வேலை நேரத்தில் யாரும் போய் உட்கார்ந்து பழகுவதற்கு ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள், நடமாட்டம் இல்லாத ஒரு மூலையில். சாப்பாட்டு இடைவேளையைப் பிடுங்கி வகுப்பு வைக்காமல், வேலை நேரத்துக்குள்ளேயே நேரம் கேளுங்கள். இதை வாயால் கேட்டுவிட்டு விட்டுவிடாமல், சப்ஜெக்ட் போட்டு ஒரு மெயிலாக எழுதிவிடுங்கள்.